அரண்மனைக்கு வெளியே ஒரு வீடு

1862 மார்ச் மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்ற நீராவிக் கப்பல் ஒன்றிலிருந்து முப்பது வயதுப் பெண் ஒருவர் பாங்காக்கில் இறங்கினார். கூடவே ஐந்து வயது மகன். மூத்த மகளை இங்கிலாந்தில் பள்ளிக்கு அனுப்பியாயிற்று. கணவர் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகப்போகின்றன. சயாம் மன்னர் மோங்குட்டின் பிள்ளைகளுக்கும் மனைவியருக்கும் ஆங்கிலம் கற்றுத்தருவது வேலை, மாதம் நூறு டாலர் சம்பளம். அன்றிரவு எங்கே படுப்பது என்பது மட்டும் முடிவாகவில்லை. துறைமுக அதிகாரியாக இருந்த ஓர் ஆங்கிலேயக் கப்பல் தலைவர் இரக்கப்பட்டு இடம் கொடுத்தார் என்று பின்னாளில் அவர் எழுதினார்.

அன்னா லியோனோவென்ஸ் என்ற அந்த ஆசிரியையைப் பலருக்கும் ‘தி கிங் அண்ட் ஐ’ வழியாகத்தான் தெரியும். 1951இல் நியூயார்க் மேடையிலும் 1956இல் திரையிலும் வந்த அந்த இசை நாடகத்தில், தனக்கு வாக்களித்த வீட்டைக் கேட்டு அவர் மன்னரை ஓயாமல் நச்சரிப்பது ஒரு நகைச்சுவை. பாவாடை விரித்த வெள்ளைக்காரப் பெண்ணின் பிடிவாதமும் காலைத் தட்டும் மன்னரின் கோபமும் அரங்கைச் சிரிக்க வைத்தன. மன்னரை இழிவுபடுத்துகிறது என்று தாய்லாந்து அந்தப் படத்தைத் தடைசெய்தது. அதற்கு நியாயம் உண்டு. ஆனால் அந்த வீட்டுச் சண்டை வரலாற்றில் நகைச்சுவையாக இருக்கவில்லை. வெளிநாட்டுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போன ஒரு தனிப்பெண்ணுக்கு இருந்த எல்லா இக்கட்டுகளும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருந்தன: எங்கே தங்குவது?

மன்னர் பக்கத்தையும் பார்க்கவேண்டும். மோங்குட் இருபத்தேழு ஆண்டுகள் துறவியாக இருந்து 1851இல் அரியணை ஏறியவர். ஆங்கிலமும் லத்தீனும் படித்தவர். மேற்கே பர்மாவின் கடற்கரையும் தெற்கே மலாயாவின் துறைமுகங்களும் பிரிட்டிஷார் கையில் இருந்தன. 1855இல் அவர்களோடு ஒரு வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தது. ஆங்கிலம் அறியாத இளவரசர்களால் நாட்டைக் காக்க முடியாது என்று அவர் கணித்தார். அரியணை ஏறிய ஆண்டிலேயே அமெரிக்க மிஷனரிகளின் மனைவியர் மூவரை உள்ளரண்மனைப் பெண்களுக்குப் பாடம் சொல்ல அழைத்தார். அவர்களுக்கு இருப்பிடம் ஒரு கேள்வியே இல்லை. கணவரோடு மிஷன் வீட்டில் வாழ்ந்தார்கள், வந்து கற்பித்துவிட்டுப் போனார்கள். பாடத்தோடு வேதமும் சேர்ந்து வந்ததால் சுமார் மூன்று ஆண்டுகளில் அந்த வகுப்பு நின்றது.

அதனால் இம்முறை மன்னர் கவனமாக இருந்தார். சிங்கப்பூரில் தம் முகவராக இருந்த தான் கிம் சிங்குக்கு எழுதிய கடிதத்தில் இரண்டு நிபந்தனைகளைச் சொல்கிறார். மதமாற்றம் கூடாது. ஆசிரியை அரண்மனையிலோ அதற்கு மிக அருகிலோ வசிக்கவேண்டும். தினமும் அழைத்துவந்து கொண்டுபோய்விடும் சிரமம் நமக்கு மிச்சம். நான் தமிழ் இலக்கணம் சொல்லித்தருபவள் என்பதால் அந்த ‘இலோ’வில் கண் நின்றுவிடுகிறது. அழைத்தவர் முதல் ஓகாரத்தைப் பிடித்துக்கொண்டார், வந்தவர் இரண்டாவதை. ஐந்தாண்டுக்கால உறவின் முதல் பிணக்கு இரண்டு ஓகாரங்களுக்கு நடுவில் பிறந்தது.

அரண்மனையின் உட்பகுதியை ‘அந்தப்புரம்’ என்று மொழிபெயர்ப்பது வழக்கம். அந்தச் சொல்லிலேயே ‘புரம்’ இருக்கிறது, அதாவது நகரம். பாங்காக்கின் உள்ளரண்மனை உண்மையிலேயே ஒரு நகரம்தான். தெருக்கள், வீடுகள், கடைகள், பெண் அதிகாரிகள், பெண் காவலர்கள். மன்னரைத் தவிர வளர்ந்த ஆண்கள் அனுமதியின்றி உள்ளே நுழைய முடியாது. அரசியர், மன்னரின் மற்ற மனைவியர், அவர்களது பிள்ளைகள், பணிப்பெண்கள், அடிமைப்பெண்கள் எல்லோரும் அதற்குள். மோங்குட்டுக்குப் பிறந்த பிள்ளைகள் மொத்தம் 82 பேர். மாலையில் வாயிற்கதவுகள் அடைக்கப்படும்.

முதல் சந்திப்பில் நடந்ததாக அன்னா தமது நூலில் எழுதியிருக்கும் உரையாடல் ஒன்று உண்டு. உள்ளே வந்து தங்கும்படி மன்னர் சொல்கிறார். அன்னா மறுக்கிறார்: எனக்கு இன்னும் உங்கள் மொழி தெரியாது, மாலையில் கதவடைத்தால் சிறைப்பட்டதுபோல் இருக்கும். மாலையில் நீ எங்கே போகிறாய் என்று மன்னர் கேட்கிறார். எங்கும் இல்லை, இந்த ஊருக்கே நான் புதியவள். அப்படியானால் கதவை அடைத்தால் உனக்கென்ன? அதற்கு அன்னாவிடம் தெளிவான பதில் இல்லை. ஏனென்று தெரியவில்லை, நினைத்தாலே நடுங்குகிறது என்கிறார்.

பெண்கள் விடுதியில் இருந்து படித்த யாருக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல. ஆறரை மணிக்கு மேல் வெளியே உனக்கென்ன வேலை? வேலை ஒன்றும் இல்லைதான். போகிற இடம் இருந்தால்தான் கதவு திறந்திருக்கலாம் என்றால், போக இடமில்லாதவள் எப்போதுமே உள்ளே இருக்கவேண்டியவள் ஆகிறாள். அன்னாவின் நூலில் பல பக்கங்கள் மிகை, சில பக்கங்கள் புனைவு என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். இந்த உரையாடலும் அவர் சொல்லித்தான் நமக்குத் தெரியும். ஆனாலும் பொய் சொல்ல நினைத்த ஒருத்தி தனக்கு இன்னும் கம்பீரமான பதிலை எழுதிக்கொண்டிருப்பாள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பிறகு நடந்தது, அவர் சொல்வதன்படி, வீடு தேடுகிற எல்லாப் பெண்களுக்கும் நடப்பதுதான். சில காலம் முதன்மை அமைச்சரின் மாளிகையில் விருந்தாளி. அடுத்து மன்னர் ஒதுக்கிய வீடு மீன்சந்தைப் பக்கம், நாற்றமும் அழுக்குமாக ஒரு சந்தில், பார்த்துவிட்டுத் திரும்பினார். கடைசியில் அரண்மனைக்கு வெளியே ஒரு வீடு கிடைத்தது. துடைத்துக் கழுவி அதில் குடியேறினார்.

ஏன் இத்தனை பிடிவாதம்? அதற்கான விடையின் ஒரு பகுதி அவர் இறந்து அறுபது ஆண்டுகள் கழித்தே வெளிவந்தது. வேல்ஸில் பிறந்தவள், ராணுவ மேஜரின் விதவை என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். 1976இல் வெளியான பிரிஸ்டோவின் நூலும் பிறகு வந்த ஆய்வுகளும் வேறு கதையைச் சொல்லின. அவர் பிறந்தது 1831இல், மகாராஷ்டிரத்தின் அகமதுநகரில். தந்தை கம்பெனிப் படையில் சார்ஜென்ட், மகள் பிறக்கும் முன்பே இறந்துபோனவர். தாய்வழிப் பாட்டி பெரும்பாலும் இந்தியப் பெண் அல்லது கலப்பினப் பெண். கணவர் எழுத்தராக வேலை பார்த்தவர். பினாங்கில் ஒரு விடுதியை நடத்திக்கொண்டிருந்தபோது 1859இல் இறந்தார். அதன்பின் சிங்கப்பூரில் அதிகாரிகளின் பிள்ளைகளுக்குச் சிறு பள்ளி நடத்திய அன்னா, தமக்கு ஒரு புதிய பிறப்பையும் எழுதிக்கொண்டார்.

இதை வெறும் பொய் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. படைக்குடியிருப்பில் பிறந்த கலப்பினப் பெண்ணுக்குக் காலனியச் சமூகம் வைத்திருந்த இடம் மிகச் சிறியது. அரண்மனைக்குள் குடியேறினால் ஊரார் கண்ணில் மன்னரின் பெண்களில் ஒருத்தி. ஐரோப்பியக் குடும்பம் ஒன்றின் வீட்டோடு ஒட்டிக்கொண்டால் பிறந்த ஊர், குடும்பம் எல்லாம் பேச்சில் வரும். தனி வீடு ஒன்றுதான் அவர் சொன்ன கதை நிலைத்திருக்கக்கூடிய இடம். இன்றைக்கும் தாய்லாந்துப் பள்ளிகள் ஆங்கில ஆசிரியர்களை வரவழைக்கின்றன. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாடுகளின் கடவுச்சீட்டுக்குத் தனி மதிப்பு. அகமதுநகரில் பிறந்தவள் என்று உண்மையைச் சொன்னால் இன்றும் அன்னாவின் விண்ணப்பம் அடுக்கின் அடியில்தான் கிடக்கும்.

ஆனால் அந்த வீட்டுக்கு ஒரு விலை இருந்தது, அதை வேறு பெண்கள் கொடுத்தார்கள். தமது சுதந்திரத்தை நிரூபிக்க அன்னாவுக்குச் சுவருக்குள் இருந்தவர்கள் அனைவரும் கைதிகளாகத் தேவைப்பட்டார்கள். 1870இல் வெளிவந்த ‘சயாம் அரசவையில் ஓர் ஆங்கில ஆசிரியை’ என்ற நூலிலும் அடுத்ததிலும் உள்ளரண்மனை கண்ணீரும் சாட்டையுமாகவே இருக்கிறது. அங்கே அடிமைத்தனம் இருந்தது உண்மை. அவரிடம் படித்த இளவரசர் சூலாலொங்கோர்ன் மன்னராகி அதைப் படிப்படியாக ஒழிக்க 1905வரை ஆயிற்று. அதே சுவருக்குள் நிர்வாகம் செய்த பெண்களும், கணக்கு எழுதிய பெண்களும், காவல் காத்த பெண்களும் இருந்தார்கள். பகலில் வந்து மாலையில் திரும்பியவரின் கண்ணில் அவர்கள் அதிகம் படவில்லை.

இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, அதே முப்பது வயதில், ஆங்கிலம் கற்பிக்க ஆசியாவுக்கு வந்த இன்னொரு பெண்ணிடமும் இதே கேள்வி வந்து நின்றது. அவர் கொடுத்த விடை நேர் எதிரானது. ஆலிஸ் மேபல் பேக்கன் அமெரிக்காவின் நியூஹேவனைச் சேர்ந்த பாதிரியார் ஒருவரின் மகள். 1888இல் டோக்கியோவின் பிரபுகுலப் பெண்கள் பள்ளிக்கு ஆசிரியையாக வந்தார். அப்போது வெளிநாட்டார் வசிக்க ட்சுகிஜி என்ற பகுதி ஒதுக்கப்பட்டிருந்தது. ஜப்பானியரிடம் வேலை பார்ப்பவர்கள் மட்டும் அதற்கு வெளியே தங்கலாம். ட்சுகிஜியில் தேவாலயம் இருந்தது, ஆங்கிலம் பேசும் அண்டைவீட்டார் இருந்தார்கள். ஆலிஸ் அங்கே போகவில்லை. ட்சுடா உமேகோ என்ற இளம் ஆசிரியையும் வேறு சில ஜப்பானியப் பெண்களும் இருந்த வீட்டில் சேர்ந்தார். பாதி வீடு மேசை நாற்காலியோடு, பாதி வீடு பாய் விரித்த அறைகளோடு.

அந்தத் தேர்வுக்குப் பின்னால் ஒரு பழைய கடன் இருக்கிறது. 1871இல் ஜப்பான் அரசு ஐந்து சிறுமிகளைப் படிக்க அமெரிக்காவுக்கு அனுப்பியது. அவர்களில் பதினொரு வயது சுதெமாட்சு, பேக்கன் வீட்டில் ஆலிஸோடு சகோதரியாக வளர்ந்தவர். ஆறு வயதில் கப்பலேறிய உமேகோ வாஷிங்டன் அருகே ஒரு தம்பதியர் வீட்டில் வளர்ந்து, 1882இல் தாய்மொழியே மறந்துபோய் நாடு திரும்பினார். திரும்பியதும் சுதெமாட்சு ஒரு படைத்தலைவரை மணந்தார். மணம் வேண்டாம் என்ற உமேகோ சில மாதங்கள் அரசியல் தலைவர் இட்டோ ஹிரோபுமியின் வீட்டிலேயே தங்கி, அவர் மனைவிக்கும் மகளுக்கும் ஆங்கிலம் கற்பித்தார். சொந்த நாட்டிலேயே, வேலை கொடுத்தவர் வீட்டில் தங்கும் ஆசிரியை. பெண்கள் மட்டுமே நடத்தும் ஒரு வீடு அவருக்கு என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆலிஸின் கடிதங்கள் 1893இல் ‘ஒரு ஜப்பானிய உள்வீடு’ என்று பொருள்படும் தலைப்பில் நூலாயின. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு உள்நாடு என்றும் பொருள் உண்டு. வெளிநாட்டார் அனுமதிச்சீட்டு இல்லாமல் போகமுடியாத பகுதி. சமையற்கட்டு, வேலையாட்கள், பண்டிகைகள், மாணவிகள் என்று அன்றாடம் நிறைந்த நூல் அது. அன்னாவின் நூலில் கதவுக்கு இப்பால் நின்று பார்க்கிறோம், இதில் சோறு வேகும் இடத்தில் இருக்கிறோம். இதை வைத்து ஆலிஸை உயர்த்தி அன்னாவைத் தாழ்த்துவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆலிஸுக்கு மறைக்கப் பிறப்பு இல்லை, கையில் குழந்தை இல்லை, பிடிக்காவிட்டால் திரும்பிப்போக நியூஹேவனில் குடும்பம் இருந்தது. உள்ளே போகத் துணிந்தவருக்கு வெளியேறும் வழி திறந்தே இருந்தது.

1900இல் உமேகோ டோக்கியோவில் வாடகை வீடு ஒன்றில், பத்து மாணவிகளோடு, பெண்களுக்கான ஆங்கிலப் பள்ளியைத் தொடங்கினார். ஆலிஸ் மீண்டும் கப்பலேறி வந்தார். வேறிடத்தில் சம்பளத்துக்குக் கற்பித்து, இங்கே சம்பளம் வாங்காமல் கற்பித்தார். ட்சுகிஜி ஒதுக்கிடம் அதற்கு முந்தைய ஆண்டே சட்டப்படி ஒழிந்திருந்தது. வெளிநாட்டுப் பெண் எந்தத் தெருவிலும் வீடு பார்க்கலாம். 1902இல் ஆலிஸ் ஊர் திரும்ப, அதே ஆண்டு அமெரிக்காவிலிருந்து அன்னா ஹார்ட்ஸ்ஹோர்ன் வந்து சேர்ந்தார். 1923 நிலநடுக்கத்தில் பள்ளி எரிந்து போனபோது கடல் கடந்து நிதி திரட்டியவர் அவர். 1940இல் ஊருக்குப் போனவரால், போர் வந்துவிட்டதால், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த டோக்கியோவுக்குத் திரும்ப முடியவில்லை.