முகக்கவசம்: வாள்வீச்சிலிருந்து ஏர்சாஃப்ட் வரை

போலி ஆயுதங்களால் ஒருவரையொருவர் தாக்கி விளையாடும் ஆட்டங்களில் கண்ணையும் முகத்தையும் காக்க அணியப்படுவது முகக்கவசம். ஃபென்சிங் எனப்படும் வாள்வீச்சின் கம்பிவலைக் கவசம் இவ்வகையில் நீண்ட வரலாறு கொண்டது. பெயிண்ட்பால், ஏர்சாஃப்ட் ஆகிய ஆட்டங்களின் கவசங்கள் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தோன்றின.

தமிழ்நாட்டில் இக்கவசத்தைப் பலரும் முதலில் பார்த்தது சென்னையைச் சேர்ந்த சி. ஏ. பவானி தேவியின் முகத்தில்தான். ஒலிம்பிக் வாள்வீச்சில் களமிறங்கிய முதல் இந்தியர் அவர். 2021 ஜூலை 26 அன்று டோக்கியோவில் துனிசியாவின் நாதியா பென் அசீசியை 15–3 என வென்று, அடுத்த சுற்றில் பிரான்சின் மனோன் புருனேவிடம் 7–15 எனத் தோற்றார். அவர் ஆடும் சேபர் பிரிவில் மணிக்கட்டுக்குக் கீழுள்ள கைப்பகுதியைத் தவிர இடுப்புக்கு மேல் எங்கு பட்டாலும் புள்ளி உண்டு, தலையும் இலக்குதான். அதனால் சேபர் கவசத்தின் வலை மின்சாரம் கடத்தும். வாள் பட்டவுடன் விளக்கு எரியும். காக்கும் பொருளே இலக்காகவும் இருப்பது விந்தைதான்.

கவசம் இல்லாத காலம்

18ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை வாள்வீச்சுப் பயிற்சி வெறும் முகத்தோடுதான் நடந்தது. கண்ணைக் காத்தது விதி மட்டுமே. முதலில் தாக்குபவருக்கு முன்னுரிமை; மற்றவர் அந்த வீச்சைத் தடுத்த பிறகே திருப்பித் தாக்கலாம். இருவரும் ஒரே நேரத்தில் வாளை நீட்டி முகத்தைக் குத்திக்கொள்வதை இது குறைத்தது. கம்பிவலைக் கவசத்தை உருவாக்கியவராகப் பிரெஞ்சு ஆசான் லா போயசியேர் குறிப்பிடப்படுகிறார். காலம் 1780ஐ ஒட்டியது. கவசம் அணிவது திறமைக்குறைவு என்று கருதிய ஆசான்களும் இருந்தனர். ஆனால் கவசம் வந்த பிறகே விரைவான, நெருங்கிய வாள்வீச்சு சாத்தியமானது. பழைய முன்னுரிமை விதி ஃபாயில், சேபர் பிரிவுகளில் இன்றும் நீடிக்கிறது.

ரோம், 1982

வலை இருந்தால் போதும் என்ற நம்பிக்கை 1982இல் ரோமில் நடந்த உலகப் போட்டியில் உடைந்தது. மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஃபாயில் தங்கம் வென்ற சோவியத் வீரர் விளாதிமிர் ஸ்மிர்னோவ், மேற்கு ஜெர்மனியின் மத்தியாஸ் பேருடன் மோதினார். பேரின் வாள் முறிந்தது. முறிந்த முனை வலையைத் துளைத்துக் கண்குழி வழியாக மூளைக்குள் சென்றது. சில நாட்களில் ஸ்மிர்னோவ் இறந்தார்.

இதன் பிறகு வாளுக்கு மாரேஜிங் எஃகும், உடைக்குக் கெவ்லார் போன்ற இழைகளும் வந்தன. கவசத்தின் கழுத்துத் துணி 1600 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும் என்றானது. இன்றைய விதிப்படி வலைக்கம்பி குறைந்தது 1 மி.மீ. தடிமனும், கம்பிகளுக்கிடையே அதிகபட்சம் 2.1 மி.மீ. இடைவெளியும் கொண்டிருக்க வேண்டும்.

குண்டுகள் பறக்கும் ஆட்டம்

ஏர்சாஃப்ட் 1970களில் ஜப்பானில் தோன்றியது. அங்கு உண்மைத் துப்பாக்கி வைத்திருப்பதற்குக் கடும் கட்டுப்பாடு உண்டு. 6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டின் வழக்கமான எடை 0.2 கிராம், நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் அதன் ஆற்றல் 1 ஜூல். 2006இல் திருத்தப்பட்ட ஜப்பானியச் சட்டம் இதை ஏறத்தாழ 0.98 ஜூலுக்குள் நிறுத்தியது. தோலில் சிவந்த தழும்பு மட்டும் உண்டாக்கும் இந்த அடி, கண்ணில் பட்டால் உட்கசிவு, விழித்திரைச் சேதம், பிற்காலத்தில் கண்புரை, கண் அழுத்த நோய் வரை போகலாம்.

6 மி.மீ. குண்டு 2.1 மி.மீ. இடைவெளியில் நுழையாது. எனினும் கம்பியில் மோதிச் சிதறினால் துணுக்குகள் நுழையும். வாள்முனைக்கு வகுத்த அளவு குண்டுக்குப் பொருந்தாதது இங்குதான். ஆகவே கண்ணுக்குப் பாலிகார்பனேட் வில்லை பரிந்துரைக்கப்படுகிறது. அமெரிக்காவின் இசட்87.1 தரத்தில் உயர்தாக்கச் சோதனை உண்டு: 6.35 மி.மீ. எஃகுக் குண்டைக் கண்ணாடி நொடிக்குச் சுமார் 46 மீட்டர் வேகத்திலும், முகத்தோடு ஒட்டும் காகிள்ஸ் 76 மீட்டர் வேகத்திலும் தாங்க வேண்டும். பெயிண்ட்பால் குண்டு ஏறத்தாழ 3 கிராம் என்பதால் அதற்குத் தனித் தரம் உள்ளது.

அப்படியும் வலைக் காகிள்ஸ் வழக்கொழியவில்லை. காரணம் பனித்தல். நெல்லியாளம், கூடலூர் போன்ற ஈரக்காற்று மிகுந்த மலைப்பகுதிகளில் மூச்சின் ஈரம் பட்டதும் வில்லை மங்கிவிடும். ஆடுபவர் துடைப்பதற்காக அதைத் தூக்கிவிடுவார். ஆபத்து அந்த நொடியில்தான். இரட்டை வில்லையும் பனித்தல் தடுப்புப் பூச்சும் இதற்காகவே வந்தவை. வாயையும் பல்லையும் காக்கக் கீழ்முகத்துக்கு மட்டும் கம்பிவலை அணிவதும் பரவலான வழக்கம்.