எரிபொருள் விலையேற்றமும் குடும்பச் செலவும் (செங்கல்பட்டு – மாமல்லபுரம் கடற்கரை)

செங்கல்பட்டு மாவட்டம் முழுவதும் பெட்ரோல் விலை ஏறக்குறைய ஒன்றுதான். அதன் சுமை ஒன்றல்ல. மேற்கே செங்கல்பட்டு, மறைமலைநகர், கூடுவாஞ்சேரி வழியாக மின்சார ரயில் ஓடுகிறது. சீசன் டிக்கெட் வைத்திருப்பவருக்குப் பெட்ரோல் செலவு வீட்டிலிருந்து ரயில் நிலையம் வரைதான். கிழக்கே கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை தண்டவாளமே கிடையாது. மாமல்லபுரத்துக்காரர் ரயிலேற வேண்டுமானால் சுமார் 30 கி.மீ. தள்ளி செங்கல்பட்டுக்கு வரவேண்டும். ஆகவே விலையேற்றம் கடற்கரையில்தான் முதலில் உறைக்கிறது.

பெட்ரோல் விலைமீதான அரசுக் கட்டுப்பாடு 2010 ஜூனிலும், டீசல் விலைமீதானது 2014 அக்டோபரிலும் நீக்கப்பட்டன. 2017 ஜூன் 16 முதல் விலை நாள்தோறும் திருத்தப்படலாயிற்று. சென்னையில் 2021 ஜூலையில் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியது. ஆகஸ்டில் தமிழக அரசு 3 ரூபாய் வரியைக் குறைத்தும் அந்த ஆறுதல் நீடிக்கவில்லை. 2022 ஏப்ரலில் பெட்ரோல் 110.85, டீசல் 100.94 ரூபாய். மே மாதம் மத்திய அரசு கலால் வரியைக் குறைத்த பிறகு அவை 102.63, 94.24 என இறங்கின.

மீனவர் குடும்பங்களில் டீசல் செலவாக வருவதைவிட வருமானக் குறைவாகவே வருகிறது. ஃபைபர் படகு கரை திரும்பி மீன் ஏலம் போனதும் டீசல் முதலான பொதுச் செலவை முதலில் கழிப்பார்கள். மீதியே படகுக்காரருக்கும் தொழிலாளிகளுக்கும் பங்கு. ஒரு நடைக்கு 20 லிட்டர் எரிகிறது, விலை 10 ரூபாய் ஏறியது என்று வைத்துக்கொண்டால், பங்கு போடுமுன்பே 200 ரூபாய் போய்விடும். மீன் படாத நாளிலும் டீசல் எரியத்தான் செய்யும். 2023 ஆகஸ்டில் மண்டபம் மீனவர் மாநாட்டில், மோட்டார் பொருத்திய நாட்டுப்படகுகளுக்கான வரிவிலக்கு டீசலை ஆண்டுக்கு 4,000 லிட்டரிலிருந்து 4,400 ஆக உயர்த்துவதாக முதல்வர் அறிவித்தார். பங்கு குறைவது விலைவாசிக் குறியீட்டில் தெரியாது. அக்குறியீட்டில் (2012 அடிப்படை ஆண்டு) ‘எரிபொருள், ஒளி’ பிரிவின் எடை 6.84 விழுக்காடாக இருந்தது; பெட்ரோல் அதில் இல்லை, போக்குவரத்துப் பிரிவில் இருந்தது. குறைந்துபோன பங்கோ இரண்டிலும் இல்லை, அது செலவே அல்லவே.

சமையல் எரிவாயு வேறு கணக்கு. சென்னையில் 14.2 கிலோ சிலிண்டர் 2023 மார்ச்சில் 1,118.50 ரூபாய், ஆகஸ்ட் இறுதியில் 200, 2024 மார்ச்சில் 100 ரூபாய் குறைந்து 818.50 ஆனது, 2025 ஏப்ரலில் மீண்டும் 868.50. பெட்ரோல் ஏறினால் ஒரு நடையைக் குறைக்கலாம்; உலையை எப்படிக் குறைப்பது? இக்கரையில் சவுக்குத் தோப்புகள் அதிகம். சிலிண்டரை இழுத்துப் பிடிக்க நினைக்கும் வீடுகளில் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் சவுக்கு மிளாறுதான். பணம் மிச்சமாகும், விறகு பொறுக்கும் நேரத்தையும் கண்ணில் ஏறும் புகையையும் பெண்களே கொடுக்கிறார்கள். மத்திய அரசின் உஜ்வலா திட்டத்தில் எரிவாயு இணைப்பு பெற்றவர்களுக்கு 2023 அக்டோபர் முதல் சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம்.

2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. வேலைக்குச் செல்லும் பெண்கள் உள்ள வீடுகளில், பெட்ரோல் விலை உச்சத்தில் இருந்தபோது கைகொடுத்தது இதுவே என்று சொல்லலாம். விரைவு, டீலக்ஸ் பேருந்துகளுக்கு இது பொருந்தாது. விடியற்காலையில் மீன் கூடையோடு கிளம்பும் பெண்களுக்குப் பேருந்து நேரமும் ஏல நேரமும் ஒத்துவராவிட்டால் ஷேர் ஆட்டோதான். அங்கே ஆளுக்கும் கூடைக்கும் தனித்தனிக் கூலி.