கரண்ட் பில் யாரோட கடன்?

ரெண்டு மாசம் முன்னாடி ஒரு காலை. கொட்டிவாக்கம் வீட்டுக் கீழ்போர்ஷன் அம்மா போன் பண்ணினாங்க. "மாடிக்கு ஃபியூஸைப் பிடுங்கிட்டுப் போயிட்டாங்க சார். மாடியில இருந்தவரையும் ரெண்டு நாளா காணோம்."

ஓடிப்போய்ப் பார்த்தால், கடல் காத்துல துருப்பிடிச்ச மீட்டர் போர்டில் ஃபியூஸ் இருந்த இடம் காலி. வீடும் காலி. பாக்கி 7,340 ரூபாய். பில் விவரம், நினைவூட்டல் எல்லாம் அவரோட மொபைலுக்கே போயிருக்கு. எனக்கு ஒண்ணும் தெரியாது. அட்வான்ஸோ, வாடகை பாக்கியிலேயே கரைஞ்சு போச்சு.

"ஏசி ஓட்டினவர் அவர், நான் ஏன் கட்டணும்? கோர்ட்டுக்கே போறேன்!" என்று வீட்டில் சபதமே போட்டேன். தங்கமணி சிரிச்சாங்க. அந்த ரோஷத்தில் பழைய தீர்ப்புகளைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சதுதான் இந்தப் பதிவு.

எல்லா வழக்கிலும் அடியில் இருக்கிற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். கரண்ட் பாக்கி என்பது ஆளோட கடனா, வீட்டோட கடனா?

1910ஆம் வருஷத்து இந்திய மின்சாரச் சட்டத்தில் விஷயம் எளிமை. பில் கட்டாத நுகர்வோருக்கு ஏழு நாள் நோட்டீஸ் கொடுத்து இணைப்பைத் துண்டிக்கலாம், பாக்கிக்கு வழக்கும் போடலாம். கடன் அவருக்கும் கம்பெனிக்கும் நடுவில். ஆனால் நுகர்வோர் இடத்தையே வித்துட்டுப் போயிட்டால்?

அந்தக் கேள்வி 1995இல் உச்ச நீதிமன்றத்தில் ஈஷா மார்பிள்ஸ் வழக்காக வந்து நின்றது. கடன் கட்டாத தொழிற்கூடத்தை நிதிக்கழகம் விற்க, வாங்கினவர் புது இணைப்பு கேட்டார். "பழைய ஓனரோட பாக்கியைக் கட்டு" என்றது பீகார் மின்வாரியம். நீதிமன்றம் ஒத்துக்கொள்ளலை. ஒப்பந்தம் பழையவரோடு, வாங்கினவர் மூணாம் மனுஷர், அவரிடம் எப்படிக் கேட்பது என்றது. அதாவது கடன் ஆளோடது. படிச்சதும் எனக்கு ஒரே குஷி :-)

ஆனால் மின்வாரியங்கள் சும்மா இருக்குமா? பாக்கி வெச்சவர் இடத்தைக் கைமாத்திட்டு மறைஞ்சு போனால் நஷ்டம் ஊருக்குத்தானே. "பழைய பாக்கி தீர்ந்தால்தான் அந்த இடத்துக்குப் புது இணைப்பு" என்று பல இடங்களில் விதியே எழுதினார்கள். அந்த மாதிரி ஹரியானா விதியை 2006இல் பாரமவுண்ட் பாலிமர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏத்துக்கிட்டது. 2008இல் டி.வி.எஸ். ஸ்டீல்ஸ் வழக்கிலும் அப்படி நிபந்தனை போடலாம் என்றது. 2010இல் ஹனுமான் ரைஸ் மில்ஸ் வழக்கில் ரெண்டையும் சேர்த்துத் தெளிவாக்கினார்கள்: மின்பாக்கி தானாகவே சொத்து மேல் ஏறி உட்காராது, ஆனால் சட்டபூர்வ விதி இருந்தால் வாங்கினவரிடம் கேட்கலாம்.

கடைசியா 2023 மே 19இல் கே.சி. நைனான் வழக்கு. கேரள மின்வாரியம் உட்படப் பத்தொன்பது வழக்குகளைச் சேர்த்துத் தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையில் மூணு நீதிபதிகள் விசாரிச்சாங்க. பெரும்பாலும் ஏலத்தில் இடம் வாங்கினவர்கள். 2003 மின்சாரச் சட்டப்படி வினியோகம் ஒரு இடத்துக்குத்தான், கேட்பவர் அந்த இடத்தின் உரிமையாளரோ குடியிருப்பவரோ. அதனால் பழைய பாக்கியைக் கட்டு என்று விதியில் நிபந்தனை வைப்பது செல்லும் என்றார்கள். ஒரு ஆறுதல், இணைப்புக்கு விண்ணப்பிச்ச நாளுக்கு அப்புறம் ஏறின வட்டியைத் தள்ளுபடி பண்ணச் சொன்னாங்க. 1995இல் ஆளைப் பார்த்த சட்டம், 2023இல் வாசலைப் பார்க்க ஆரம்பிச்சாச்சு.

இது நம்ம ஊர்த் தலைவலி மட்டும் இல்லை. தென்னாப்பிரிக்காவில் வீட்டை விற்கணும்னா, முந்தின ரெண்டு வருஷத்துத் தண்ணி, கரண்ட் பாக்கி தீர்ந்ததுக்கு நகராட்சி சான்றிதழ் வேணும். குடியிருந்தவர் வெச்ச பாக்கியானாலும் சரி. இது அநியாயம் என்று வீட்டுக்காரர்கள் போராடின ம்கோன்ட்வானா வழக்கு 2004இல் அரசியல் சாசன நீதிமன்றத்துக்கு வந்தது. தீர்ப்பு எழுதினவர் ஜாக் யாக்கூப், டர்பனில் பிறந்த இந்திய வம்சாவளி, சின்ன வயசிலேயே பார்வை இழந்தவர். வீட்டுக்காரர்கள் தோத்தார்கள். சொத்து உன்னோடது, அதைக் கவனிச்சுக்கிற பொறுப்பும் உன்னோடது என்பதுதான் சாரம்.

அதே நாட்டில் 2009இல் நேர் எதிர்க் கதை. ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு அடுக்குமாடிவாசிகள் ஒழுங்காக வீட்டுக்காரரிடம் பணம் கொடுத்திருக்காங்க, அவர் நகராட்சிக்குக் கட்டலை. கரண்ட் கட். ஜோசப் வழக்கு என்று பேர். ஒப்பந்தம் வீட்டுக்காரரோடுதான் என்றாலும், குடியிருப்பவர்களுக்கும் முன்னாடியே நோட்டீஸ் கொடுத்திருக்கணும் என்று தீர்ப்பாச்சு. இதைப் படிச்சப்போ எனக்குக் கொஞ்சம் சுருக்குனு இருந்தது.

காரணம் எங்க தாத்தா. மைலாப்பூர் வீட்டில் வாடகை தராத குடித்தனக்காரருக்கு ஃபியூஸைப் பிடுங்கப் போனாராம். பக்கத்து வக்கீல் மாமா தடுத்திருக்கார். "ஓய், வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 17ஆம் பிரிவு இருக்கு. வாடகை வேற, வெளிச்சம் வேற." அந்த 1960ஆம் வருஷத்துச் சட்டம் இப்போ இல்லை, 2019இலிருந்து புதுச் சட்டம் நடக்குது. ஆனா அந்த நியாயம் போகலை. வீட்டுக்காரர் சம்மதக் கடிதம் தரலை என்பதற்காகக் குடியிருப்பவருக்கு மின்சாரத்தை மறுக்கக் கூடாது என்று 2022இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கு. நம்ம மாநில மின் பகிர்மான விதித்தொகுப்பிலும், வீட்டுக்காரர் கையெழுத்து போடலைன்னால் குடியிருப்பவர் தான் முறையாகக் குடியிருப்பதற்கு ஆதாரமும் உறுதிப்பத்திரமும் கொடுத்து இணைப்பு கேட்க வழி உண்டு.

சரி, என் 7,340 ரூபாய்க்கு வருவோம். இத்தனை தீர்ப்பையும் படிச்சுட்டு வக்கீல் நண்பர் ஒருத்தரிடம் பெருமையா எடுத்து விட்டேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார். "இணைப்பு யார் பேர்ல?"

என் பேர்ல!

அவ்வளவுதான், வழக்கு முடிஞ்சது. ஈஷா மார்பிள்ஸில் ஜெயிச்சவர் மூணாம் மனுஷர். நான் மூணாம் மனுஷன் இல்லை, நானேதான் நுகர்வோர். குடியிருந்தவர் கட்டணும் என்பது எனக்கும் அவருக்கும் நடுவில் உள்ள பேச்சு. வேணும்னா அவர் மேல் நான் வழக்கு போடலாம். ஏழாயிரத்துக்கு யார் போடுவா?

கட்டினேன். அடுத்த நாள் விளக்கு எரிஞ்சது. பத்து நாள் கழிச்சு அவரிடமிருந்து போன். வேலை போயிடுச்சாம், ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம். "உங்க முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியல சார், மன்னிச்சுக்குங்க" என்றார். திட்டறதுக்கு மனப்பாடம் பண்ணி வெச்சிருந்ததெல்லாம் மறந்து போச்சு. "அம்மாவைப் பாருங்க" என்று வெச்சுட்டேன். போன வாரம் 2,000 அனுப்பியிருக்கார்.

இப்போ மாடிக்குப் புதுசா ஒரு குடும்பம் வந்திருக்கு. முதல் நாளே ரெண்டு பேரும் நின்னு மீட்டரைப் போட்டோ எடுத்துக்கிட்டோம். பில் எஸ்எம்எஸ் இனி என் மொபைலுக்குத்தான். பில் பணம் அவங்க கொடுத்தா, கட்டின ரசீதை அன்னிக்கே அவங்களுக்கு அனுப்பிடறேன். ஜோகன்னஸ்பர்க் கதை கொட்டிவாக்கத்தில் நடக்கக் கூடாது பாருங்க.