மூக்கில் முளைத்த கட்டைவிரல்

'டைனோசர்'ங்கிற சொல் 1842-லதான் வந்துச்சு. அதுக்கு முன்னாடியே பேர் வாங்கின ஒரு தாவர உண்ணி இருக்கு: இகுவானோடான். கிரிட்டேசியஸ் காலத்தின் தொடக்கத்தில், 12 கோடி வருஷங்களுக்கும் முன்னாடி வாழ்ந்தது.

1820-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸில் சில தேய்ந்த பற்கள் கிடைத்தன. செடி தின்ற ராட்சச ஊர்வனவோட பல் இதுன்னார் கிடியன் மான்டெல், ஒரு ஊர் டாக்டர். அன்றைய பெரிய நிபுணர் குவியேவோ முதல்ல காண்டாமிருகப் பல்லுன்னுட்டார். மான்டெல் விடலை. லண்டன் மியூசியம் ஒன்றில் இருந்த இகுவானா ஓணானின் பல்லோட ஒப்பிட்டார். வடிவம் பொருந்துச்சு, அளவுதான் பல மடங்கு. குவியேவும் ஒத்துக்கிட்டார். 1825-ல் பேர் வெச்சாச்சு. அர்த்தம், 'இகுவானா பல்'.

அடுத்து ஒரு கூரான எலும்பு. மான்டெல் அதை மூக்குக் கொம்பா வரைஞ்சார். 1854-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் வெச்ச சிலைக்கும் அதே கொம்பு.

1878-ல் பெல்ஜியத்தின் பெர்னிசார்ட் நிலக்கரிச் சுரங்கத்தில், 300 மீட்டருக்கும் கீழே, 30-க்கும் மேற்பட்ட இகுவானோடான்களின் எலும்புகள் கிடைச்சது. பல கூடுகள் கிட்டத்தட்ட முழுசா! லூயி டோலோ ஆராய்ந்து சொன்னார்: அது கொம்பே இல்லை, கட்டைவிரல் முள். ரெண்டு கையிலும் ஒவ்வொண்ணு.

இதைக் கேட்க மான்டெல் இல்லை, 1852-லேயே இறந்துட்டார். அவர் வெச்ச கொம்பு தப்பு. ஆனா கையளவு பல்லை வெச்சு, பெரிய நிபுணரையே எதிர்த்து அவர் சொன்ன விஷயம் இன்னைக்கும் நிக்குது.