உடல் தேடும் சொல்

துயரைச் சொல்லும்போது நாம் உடலையே துணைக்கு அழைக்கிறோம். நெஞ்சு கனக்கிறது என்கிறோம். வயிற்றைப் பிசைகிறது என்கிறோம். தொண்டை அடைக்கிறது என்கிறோம். ஆயினும், துயருற்ற ஒருவர் நம்மை நாடி வந்தால், அவருடைய உடல் சொல்வதைக் கேட்க நமக்குப் பொறுமை இருப்பதில்லை. உடனே அறிவுரை கூறத் தொடங்கிவிடுகிறோம். உளவழி ஆற்றுப்படுத்தும் கலையும் நெடுங்காலம் பேச்சையே பெரிதும் நம்பியிருந்தது. உடலின் உணர்வுக்கும் அதில் இடம் தேடித் தந்தவர்களுள் ஒருவர் யூஜின் ஜென்ட்லின்.

அவர் 1926-இல் வியன்னா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1938-இல் ஆஸ்திரியா நாசிகளின் பிடியில் சிக்கியபோது, அக்குடும்பம் தப்பிச் செல்ல வழி தேடியது. உதவக்கூடிய ஒருவரைக் காணச் சென்ற தந்தை, அவரை நம்ப வேண்டாமெனத் தம் உணர்வு சொல்வதாக மகனிடம் கூறித் திரும்பிவிட்டார். அது எத்தகைய உணர்வு? அந்த வினா சிறுவனின் உள்ளத்தில் தங்கிவிட்டது. பின்னர் அக்குடும்பம் அமெரிக்காவைச் சென்றடைந்தது.

சிக்காகோ பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பயின்ற ஜென்ட்லின், அங்கே உளவியலறிஞர் கார்ல் ராஜர்சுடன் இணைந்து பணியாற்றினார். ஆற்றுப்படுத்தும் உரையாடல்களின் ஒலிப்பதிவுகளை அவரும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்தனர். நலம் பெறுவோர் யார் என்பதற்கான தடயம், வந்தவர்கள் பேசிய முறையிலேயே இருந்தது. நலம் பெற்றோர் இடையிடையே தயங்கினர். 'இல்லை, அப்படியன்று' எனத் தம் சொல்லைத் தாமே திருத்தினர். நெஞ்சிலோ வயிற்றிலோ தெளிவின்றித் தங்கியிருந்த ஏதோ ஒன்றுக்குச் சொல் தேடினர். ஏற்ற சொல் வாய்த்தபோது உடலின் இறுக்கம் சற்றே தளர்ந்தது.

சிலருக்கு இயல்பாக வாய்த்த இதனை எவருக்கும் கற்றுத்தர இயலும் என ஜென்ட்லின் கண்டார். 1978-இல் வெளிவந்த 'ஃபோக்கசிங்' என்ற நூலில் அதனை 6 படிகளாக வகுத்தார். கவலைகளைச் சற்று அப்பால் வைத்து அமைதியாக அமர வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்து, அது உடலில் எப்படி உணரப்படுகிறது எனக் கவனிக்க வேண்டும். அதற்கொரு சொல்லோ உருவமோ தோன்றக் காத்திருக்க வேண்டும். அது பொருந்துகிறதா என உடலிடமே சரிபார்க்க வேண்டும். உள்ளே இருப்பது என்னவென்று மெல்ல வினவ வேண்டும். வருவதைக் கனிவோடு ஏற்க வேண்டும். பேரதிர்ச்சிக்கு ஆளானோருக்கு உடல்வழி உதவும் முறையை வகுத்த பீட்டர் லெவின், 1997-இல் வெளியிட்ட நூலில் ஜென்ட்லினின் இக்கருத்தைப் பயன்படுத்தினார். ஜென்ட்லின் 2017-இல் மறைந்தார்.

கடுமையான மனநோய்க்கு மருத்துவரின் துணை தேவை. அதற்கு இது மாற்றாகாது. ஆனால் நம் இல்லங்களில் அன்றாடம் எழும் துயரங்களுக்கு இவ்வரலாறு ஒரு பாடம் வைத்திருக்கிறது. மகளோ மனைவியோ முதிய தந்தையோ பேச்சின் நடுவே நிறுத்தினால், அந்த மௌனத்தை நம் சொற்களால் நிரப்ப விரைகிறோம். அவர்களோ அப்போதுதான் தம் சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அது கிடைக்கும்வரை அருகில் அமர்ந்திருக்க நாம் கற்றுக்கொள்வோமா?