சாவகர் என்னும் கேட்போர்: திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில் முதியோர் கற்ற வரலாறு

திருச்சிராப்பள்ளி என்னும் பெயரின் ஈற்றில் நிற்கும் ‘பள்ளி’ இன்று சிறுவர் பயிலும் இடத்தைக் குறிக்கிறது. பழந்தமிழில் அது சமண, பௌத்தத் துறவியர் உறைவிடத்தைக் குறித்த சொல். மலைக்கோட்டைக் குன்றின் மேற்பகுதியில் பாறையில் வெட்டிய படுக்கைகள் உள்ளன. அங்குப் பொறிக்கப்பட்டுள்ள ‘சிரா’ என்னும் பெயரைக் கொண்டு, அப்பெயருடைய முனிவர் தங்கிய பள்ளியே சிராப்பள்ளி ஆயிற்று என்பர் ஆய்வாளர் சிலர். வேறு விளக்கங்கள் கூறுவோரும் உளர்.

பெயர்க் காரணம் எதுவாயினும், அத்தகைய பள்ளிகளில் அறம் கேட்க வந்தோர் பெரும்பாலும் இல்லறத்தார். அவர்களுக்குச் சமணம் இட்ட பெயரே அதனை உணர்த்தும். ‘சிராவகர்’ என்பதற்குக் கேட்போர் என்று பொருள். தமிழில் அது ‘சாவகர்’ ஆயிற்று. ஏட்டைப் படிக்க அறியாதவரும் கேட்டுக் கேட்டு அறிவு பெறலாம் என்ற துணிபு அப்பெயருக்குள் இருக்கிறது. திருக்குறளிலும் ‘கல்லாமை’ அதிகாரத்தை அடுத்தே ‘கேள்வி’ வைக்கப்பட்டுள்ளது.

ஆயினும் கேள்வி தானே நிகழ்ந்துவிடாது. சொல்வோர்க்கு இடமும் உணவும் வேண்டும். கேட்போர்க்கு ஓய்வு வேண்டும். இவ்விருவரையும் கூட்டிவைக்க ஊரார் வேண்டும். சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்துத் தமிழிக் கல்வெட்டு இக்கூட்டுறவின் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று. எருமி நாட்டுக் குமுழூரில் பிறந்த துறவி ஒருவருக்குச் சிறுபோசில் இளையர் என்பார் படுக்கை அமைத்துக் கொடுத்ததை அது கூறுகிறது. துறவியின் ஊர் ஒன்று. கொடையாளர் ஊர் மற்றொன்று. புகலூர் ஆறுநாட்டார் மலையிலோ, இருக்கை செய்து கொடுத்தவன் கரூர்ப் பொன் வணிகன் நத்தி. காவிரிக்கு அப்பால் திருவரங்கக் கோயிலில் போசளர் காலத்தில் ‘சரசுவதி பண்டாரம்’ என்னும் ஏட்டுச் சாலை அமைந்தது. அதன் பயன் எழுத்தறிந்தோருடன் நின்றது. வயலில் நின்றோர்க்குச் செவியே வழி.

அச்செவியைத் தேடி 20ஆம் நூற்றாண்டில் வந்தது வானொலி. திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் வானொலிப் பெட்டி செல்வர் வீட்டுப் பொருளாகவே இருந்தது. பின்னர்ப் பஞ்சாயத்துக் கட்டடங்களில் பொது வானொலிகள் வந்தன. மாலையில் அவற்றின் ஒலிபெருக்கியைச் சுற்றி ஊரார் கூடினர்.

கூடுதல் வேறு, கற்றல் வேறு என்பதைப் பிற நாட்டார் முன்பே உணர்ந்திருந்தனர். கனடாவில் 1941-இல் தொடங்கிய பண்ணை வானொலி மன்றங்கள், படிப்பதும் கேட்பதும் கலந்து பேசுவதும் செயற்படுவதும் ஒரே தொடர் என்று கொண்டன. அம்முறையை யுனெஸ்கோ துணையுடன் 1956-இல் புனே வட்டாரத்தில் 150 சிற்றூர்களில் சோதித்தனர். ஒவ்வொரு மன்றமும் 20 ஒலிபரப்புகளைக் கேட்டு, கேட்டதை விவாதித்து, ஐயங்களை நிலையத்துக்கு எழுதியது. கேட்டவர் வினவுகின்ற உரிமையைப் பெற்றதே இம்முறையின் உயிர். 1959-இல் இது நாடெங்கும் விரிந்தது. 1966 முதல் வானொலி நிலையங்களில் பண்ணை இல்லப் பிரிவுகள் தோன்றின.

அவ்வாண்டுகளில் தஞ்சை மாவட்டம் செறிவேளாண்மைத் திட்டத்தின்கீழ் இருந்தது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல், சப்பானிய நெல்லான நோரின் 10-ஐயும் இந்நாட்டு ஜி.இ.பி. 24-ஐயும் இணைத்துப் பெறப்பட்டது. குறுவைக்கு ஏற்றது, ஆனால் பழகாத விதை. முன்னோர் காத்த விதையை விட்டுப் புதியதை நட எந்த உழவர் எளிதில் துணிவார்? வந்தவாசி, திண்டிவனம் பகுதிகளில் தலைமுறையாய் ஏர் பிடித்த குடும்பங்களுக்கு இத்தயக்கத்தை விளக்க வேண்டியதில்லை. ஆராய்ச்சி நிலையம் விதையைக் கண்டது; வேளாண் துறை அதனைக் கொண்டு சேர்த்தது; கிராம சேவக் வயலில் நின்று காட்டினார்; எப்போது நாற்று விடுவது, எவ்வளவு உரமிடுவது என்பதைத் திருச்சி வானொலி மாலைதோறும் சொன்னது. நால்வரும் ஒரே செய்தியைச் சொன்னதால் உழவர் நம்பினர். தஞ்சை உழவர் அந்நெல்லுக்கு ஆடுதுறையின் பெயரையும் எண்ணையும் விட்டு, ‘ரேடியோ நெல்’ என்று பெயரிட்டனர். ஆசிரியரின் பெயரை விதைக்கே சூட்டிய மாணாக்கர் வேறெங்கும் உண்டோ என்பது ஐயமே.

1967-68-இல் நடுவண் அரசு தொடங்கிய உழவர் செயல்முறை எழுத்தறிவுத் திட்டம் இப்பட்டறிவை ஒட்டியதே. கல்வித் துறை எழுத்தையும், வேளாண் துறை பயிற்சியையும், வானொலி ஒலிபரப்பையும் ஏற்றன.

இதன் குறையையும் மறைத்தல் கூடாது. புதிய நெல்லின் குறுவை அறுவடை பருவமழையோடு நெருங்கியதால், ஈரநெல்லை உலர்த்துவது பெருஞ்சிக்கலாயிற்று. அதனினும் பெரிது மற்றொன்று. நிலமுடையோர் கேட்டறிந்து விளைச்சல் பெருக்கினர். நாற்று நட்ட கூலித் தொழிலாளர்க்கு அப்பெருக்கத்தில் உரிய பங்கு கிட்டவில்லை. கூலிப் பூசல் முற்றிய அதே தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 உயிர்கள் எரிந்தன. யாருக்குக் கற்பிப்பது என்ற வினாவை அந்த வானொலிக் கூட்டமைப்பு எழுப்பவே இல்லை.

அவ்வினாவுக்கு விடை தேடிய முயற்சி கால் நூற்றாண்டுக்குப் பின் புதுக்கோட்டையில் நிகழ்ந்தது. திருச்சி, தஞ்சை மாவட்டங்களிலிருந்து 1974-இல் பிரிந்த வறண்ட மாவட்டம் அது. சித்தன்னவாசல் அதனுள் இருப்பது. தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988-இல் தோன்றி, எர்ணாகுளம் 1990-இல் முழு எழுத்தறிவு கண்ட பின்னர், 1991-இல் புதுக்கோட்டையில் ‘அறிவொளி இயக்கம்’ தொடங்கியது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அரசு எந்திரத்தை இயக்கினார். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் பாடத்தையும் பயிற்சியையும் கலைப்பயணத்தையும் ஏற்றனர். ஊதியமின்றிக் கற்பிக்கப் பல்லாயிரம் இளைஞர் முன்வந்தனர். கற்க வந்தோருள் மிகுந்தோர் பெண்கள். பகலெல்லாம் வயலிலும் கல் குவாரியிலும் உழைத்து, இரவில் தெருவிளக்கின்கீழ் எழுத்துக்கூட்டினர்.

அங்கு எழுத்து எழுத்தோடு நிற்கவில்லை. தன்னார்வலராகிய பெண்கள் ஊர் விட்டு ஊர் செல்லச் சைக்கிள் தேவைப்பட்டது. எனவே சைக்கிள் ஓட்டுவதும் பாடத்தில் சேர்ந்தது. கேலி செய்தோர் பலர். ஆனால் சில திங்களில், தண்ணீர்க் குடத்தையும் குழந்தையையும் சைக்கிளில் வைத்துச் செல்லும் பெண்கள் அம்மாவட்டச் சாலைகளில் இயல்பான காட்சியாயினர். குவாரிகளில் கூலிக்குக் கல் உடைத்த மகளிர் குழுவாய்ச் சேர்ந்து குத்தகையே எடுத்தனர். கணக்கு எழுதக் கற்றதன் பயன் அங்கே தெரிந்தது. பழைய ஒப்பந்தக்காரர் இதனை எளிதில் பொறுத்துக்கொள்ளவில்லை.

பெருவேகத்தில் எழுந்த இயக்கங்களுக்கு உரிய தளர்ச்சி இதற்கும் வந்தது. அலுவலர் மாறினர், தன்னார்வலர் வேலை தேடிப் பிரிந்தனர், இரவு வகுப்புகள் குறைந்தன. எழுத்தை மறந்தோரும் உண்டு. சைக்கிளை மறந்தவர் எவருமில்லை.

திருச்சி மாநகரில் ஹோலி கிராஸ் கல்லூரி 2006-இல் 90.4 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சமுதாய வானொலி ஒன்றைத் தொடங்கியது. அதன் ஒலி எட்டுவது சில கிலோமீட்டர் தொலைவே. தர்மநாதபுரம், ஜீவா நகர் போன்ற எளியோர் குடியிருப்புகளின் மக்களை நோக்கி எழுந்த அந்நிலையத்தில், உடல்நலமும் துப்புரவும் பற்றிய நிகழ்ச்சிகளில் கல்லூரி மாணவியரோடு அக்குடியிருப்புப் பெண்களும் ஒலிவாங்கியின் முன் அமர்ந்தனர்.