சான் புரூனோ மலையும் இரணைதீவுக் கடலும்

சான்டா கிளாராவிலிருந்து 101ஆம் இலக்க நெடுஞ்சாலை வழியாக சான்பிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்குப் போய்வராத தமிழர் இங்கு எவரும் இல்லை. ஊரிலிருந்து அம்மா வந்திறங்கும்போதும் அதே பாதைதான். ரொறன்ரோவில் ஒரு செத்தவீட்டுக்கு ஓடும்போதும் அதே பாதைதான். வழியில், மௌன்ரன் வியூவை அடுத்து, மொஃபெற் தளத்தின் பழைய, மிகப் பெரிய ஆகாயக்கப்பல் கொட்டகை தெரியும். பாதையின் மறுமுனையில், விமான நிலையத்துக்கு வடக்கே, உச்சியில் கோபுரங்களைச் சுமந்தபடி சான் புரூனோ மலை நிற்கும். அதன் உயரம் ஏறத்தாழ 1,300 அடி. இவ்விரு இடங்களுக்கும் பொருத்தமான ஒரு சம்பவம் 1998இல் நடந்தது. அதே ஆண்டில் எமது கடலிலும் ஒன்று நடந்தது.

1998 ஜூன் 28ஆம் திகதி இரவு, யுனைற்றெட் எயர்லைன்ஸின் 863ஆம் இலக்க விமானம் சிட்னிக்குப் புறப்பட்டது. அது போயிங் 747-400 ரகம். பயணிகளும் பணியாளருமாக 307 பேர் அதில் இருந்தனர். நீண்ட பயணத்துக்கான எரிபொருளால் நிறைந்த விமானம் ஓடுபாதையை விட்டு எழுந்தபோது, வலது சிறகின் உட்புற இயந்திரம் வெடிச்சத்தம் போன்ற ஓசையுடன் அதிரத் தொடங்கியது. இயந்திரத்துக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் பகுதியில் காற்றோட்டம் முறிந்தால் இவ்வாறு நேரும். உள்வெப்பம் சட்டென்று ஏறும், தள்ளுவிசை போய்விடும்.

நான்கு இயந்திரங்கள் கொண்ட விமானத்துக்கு ஒன்றின் இழப்பு பேராபத்து அல்ல. மூன்றைக் கொண்டு மேலெழ அதனால் முடியும். ஆனால் வலப்பக்கம் தள்ளுவிசை குறைந்தால் மூக்கு வலப்பக்கம் திரும்பும். அதை நேராக்க விமானி காலால் மிதித்துச் சுக்கானை இடப்பக்கம் திருப்ப வேண்டும். விமானத்தைச் செலுத்திக்கொண்டிருந்த துணை விமானியோ கையிலிருந்த சக்கரத்தைத் திருப்பிச் சரிவைத் திருத்தப் பார்த்தார். அப்படிச் செய்யும்போது சிறகின் மேற்புறத் தகடுகள் எழும்பிக் காற்றைத் தடுக்கும். சிறகின் தூக்குவிசை குறையும். ஒரு இயந்திரத்தை இழந்த விமானம் தன் சொந்தத் தகடுகளாலும் பின்னுக்கு இழுக்கப்பட்டது. வேகம் விழுந்தது. பறக்கும் வலு போகப்போகிறது என எச்சரிக்கும் கருவி கைப்பிடியை உலுக்கியது. விமானம் வலப்பக்கம் விலகி, மூட்டமான இருளில், சான் புரூனோ மலையை நோக்கிப் போனது.

மலையை அது ஏறத்தாழ 100 அடி இடைவெளியில் கடந்தது. சிறிது நேரம் ராடர் திரையிலிருந்தே மறைந்துபோனது. பின்னர் உயர்ந்து, பசிபிக் கடலுக்கு மேலே எரிபொருளைக் கொட்டிவிட்டு, புறப்பட்ட இடத்திலேயே வந்து இறங்கியது. ஒருவருக்கும் காயமில்லை.

காயமில்லாத சம்பவத்தை யார் விசாரிப்பார்கள்? எமது ஊர் வழக்கத்தில் கோயிலில் ஒரு அர்ச்சனையோடு அது முடிந்திருக்கும். அல்லது அந்தத் துணை விமானியை வேலையால் நிறுத்திக் கணக்கைத் தீர்த்திருப்பார்கள். இங்கே கேள்வி வேறாக எழுந்தது. பயிற்சி பெற்ற ஒரு விமானியின் கால் அந்த நேரத்தில் ஏன் சுக்கானைத் தேடவில்லை? விடை அவருடைய குணத்தில் இல்லை, வேலை முறையில் இருந்தது. கண்டம் விட்டுக் கண்டம் போகும் பறப்பு ஒன்றில் பல விமானிகள் இருப்பார்கள். மேலேற்றுவதும் இறக்குவதும் அவர்களுள் ஒருவருக்கே வாய்க்கும். அந்தத் துணை விமானி முந்தைய ஒரு வருடத்தில் உண்மையான விமானத்தை ஒரே ஒரு தடவைதான் மேலேற்றி இறக்கியிருந்தார். மற்றவையெல்லாம் நிலத்திலிருக்கும் மாதிரி விமானியறையில் செய்தவை. சட்டப்படி அது குற்றமுமல்ல. இதைக் கண்ட நிறுவனம் பயிற்சியை மாற்றியது. 90 நாளுக்குள் மூன்று தடவை மேலேற்றி இறக்க வேண்டும், அதில் ஒன்றாவது உண்மையான விமானத்தில் இருக்க வேண்டும் என்று விதித்தது.

இவ்வாறு கேட்கும் பழக்கம் சும்மா வந்ததல்ல. இறந்தவர்கள் மூலமே வந்தது. 1985 ஓகஸ்ட் 22ஆம் திகதி மான்செஸ்ரர் விமான நிலையத்தில், 137 பேருடன் கோர்ஃபு தீவுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் எயர்ரூர்ஸ் போயிங் 737, ஓடுபாதையில் ஓடும்போதே இடது இயந்திரத்தை இழந்தது. முன்பு ஒட்டுவேலை செய்யப்பட்டிருந்த எரிகலம் ஒன்று பிளந்து, அதன் துண்டு சிறகின் எரிபொருள் தாங்கியைத் துளைத்தது. விமானிகள் கேட்டது ஒரு ‘டப்’ என்ற சத்தம் மட்டும். ரயர் வெடித்துவிட்டது என்று நினைத்து, பிரேக்கைக் கடுமையாக அழுத்தாமல் நிறுத்தி, ஓடுபாதையை விட்டுத் திருப்பினார்கள். திருப்பிய பக்கத்தில் மெல்லிய காற்று தீயை விமானத்தின் உடலோடு அணைத்தது. 55 பேர் இறந்தனர். பெரும்பாலோர் நெருப்பால் அல்ல, நச்சுப் புகையால்.

விசாரணையாளர் எரிகலத்தின் விரிசலோடு நின்றுவிடவில்லை. நிலத்தில் நின்ற விமானத்திலிருந்து ஏன் வெளியேற முடியவில்லை என்றும் கேட்டனர். இன்று நாம் ஏறும் விமானங்களில் தரையோரம் எரியும் வழிகாட்டி விளக்குகளும், சிறகுக் கதவருகே அகலமாக விடப்பட்ட இடைவெளியும், எளிதில் தீப்பற்றாத ஆசன உறைகளும் பரவியதில் அந்த 55 பேரின் மரணத்துக்குப் பெரும் பங்குண்டு. கடவுச்சீட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தஞ்சம் கேட்கப் பறந்த எம்மில் எத்தனையோ பேர் அந்த விளக்குகளின் மேலேதான் கால் வைத்து நடந்தோம்.

மொஃபெற் தளத்துக்கு வருவோம். அங்கே நாசாவின் ஏம்ஸ் ஆய்வுநிலையம் இருக்கிறது. 1974 டிசெம்பர் 1ஆம் திகதி, வேர்ஜீனியாவில் ரி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் 514ஆம் இலக்க விமானம் மலையில் மோதி 92 பேர் இறந்தனர். ஆறு வாரத்துக்கு முன்னர் வேறொரு நிறுவனத்தின் விமானிகள் அதே தவறைச் செய்து அதே மலையில் தப்பியிருந்தனர் என்பது பின்னர் தெரியவந்தது. தம் சகாக்களை அவர்கள் எச்சரித்திருந்தார்கள். செய்தி அந்த நிறுவனத்தின் சுவர்களைத் தாண்டவில்லை. அதன் விளைவாக 1976இல் ஏம்ஸ் நிலையம் ஒரு முறையைத் தொடங்கியது. தவறு செய்த விமானி தானே எழுதி அனுப்பலாம், பெயர் அழிக்கப்படும், வேண்டுமென்று செய்த குற்றமோ விபத்தோ அல்லாதவரை, அந்தக் கடிதம் அவருக்கு எதிராகப் பயன்படுத்தப்படாது. தண்டிக்கும் அதிகாரத்திடம் மனிதன் உண்மை சொல்லமாட்டான் என்ற எளிய அறிவுதான் அதன் அடிப்படை. எங்கள் வீடுகளிலிருந்து பத்து நிமிட ஓட்டத்தில் இருக்கும் அந்த இடத்துக்கு அத்தகைய கடிதங்கள் இலட்சக்கணக்கில் வந்து சேர்ந்தன.

இனி எமது கடல். சான் புரூனோ மலைச் சம்பவத்துக்கு மூன்று மாதம் கழித்து, 1998 செப்ரெம்பர் 29ஆம் திகதி, பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயர் 602ஆம் இலக்க அன்ரனோவ் 24 விமானம், மேலெழுந்து சில நிமிடங்களில் மன்னார்க் கடலுக்கு மேலே மறைந்தது. அதிலிருந்தவர்கள் 55 பேர். மான்செஸ்ரரில் இறந்த அதே எண்ணிக்கை. பயணிகள் பெரும்பாலும் தமிழர். தரைப்பாதை மூடப்பட்டிருந்ததால் ஆகாயத்தை நாடியவர்கள். விடுதலைப் புலிகள் ஏவுகணையால் சுட்டு வீழ்த்தினர் என்பது குற்றச்சாட்டு. சிதைவுகள் 2012இல்தான் இரணைதீவுக்கு அருகே கண்டுபிடிக்கப்பட்டன. 2014 ஜனவரியில், கடலிலிருந்து எடுத்த உடுப்புகளும் பொருட்களும் யாழ்ப்பாணத்தில் உறவினரின் அடையாளத்துக்காகப் பரப்பி வைக்கப்பட்டன. பதினைந்து வருடம் உப்புநீரில் கிடந்த சேலையைத் தாய்மாரும் சகோதரிமாரும் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

இரண்டையும் ஒரே தராசில் வைக்கமுடியாது என்பது எனக்குத் தெரியும். இயந்திரம் தானாகப் பழுதாவது வேறு, விமானத்தைச் சுடுவது வேறு. சுட்டவன் யார் என்ற கேள்விக்கு விடை வேண்டும். பெயரை அழித்துவிட்டு அதைக் கடந்து போகமுடியாது. ஆனால் அந்த ஒரு கேள்வியோடு எல்லாம் நின்றுவிட்டது. ஆபத்து இருப்பதாக எச்சரிக்கை வந்திருந்தும் அந்தப் பாதையில் ஏன் சாதாரண சனங்கள் ஏற்றப்பட்டார்கள்? அவர்களுக்கு யார் அதைச் சொன்னார்கள்? தரைப்பாதையைத் திறக்காத அரசும், ஆகாயப்பாதையை மிரட்டிய இயக்கமும், ரிக்கற் விற்ற வியாபாரமும் சேர்ந்து 55 பேரை எங்கே கொண்டுபோய் நிறுத்தின? இவற்றை நாம்கூட உரக்கக் கேட்கவில்லை. ஒரு பக்கம் குற்றஞ்சாட்டியது, மறுபக்கம் மௌனம் காத்தது. எமது தரப்பின் தவறை எழுதி அனுப்ப எங்களுக்கு ஒரு முகவரி இருக்கவில்லை. எழுதியவனைத் துரோகி என்று சொல்வதற்கு மட்டும் ஆட்கள் இருந்தார்கள்.

மான்செஸ்ரரின் 55 பேர் எல்லா விமானங்களிலும் ஒரு சிறு வெளிச்சமாக இருக்கிறார்கள். இரணைதீவுக் கடலின் 55 பேரிடமிருந்து நாம் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. கற்றுக்கொள்ளாத மரணம் வீண் மரணம். அடுத்த தடவை அம்மாவைக் கூட்டிவர விமான நிலையத்துக்குப் போகும்போது, அந்த மலையைப் பார்க்கையில், இதை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.